மாப்பிள்ளையின் சாமான்

விளையாட்டு இந்த இடத்தில் இல்லை என்று கம்பியூட்டர் ஏழாவது தடவையாகச் சொன்ன அதே நேரத்தில், தேற்றாத்தீவு பாலசுந்தரி இருபத்தெட்டாவது சாரியை விரித்துப் பார்த்துவிட்டு இதுவும் இல்லை என்றாள். பாலசுந்தரிக்காவது வாய் இருக்கிறது. ஏன் இல்லை என்று கேட்டால், கரை மெல்லிசு, நிறம் வெளிறல், தங்கச்சியின் கல்யாணத்துக்கு இதைக் கட்டிக்கொண்டு போனால் சம்பந்திமார் சிரிப்பார்கள் என்று ஏதாவது ஒரு குற்றம் சொல்வாள். குற்றம் சொல்லத் தொடங்கிவிட்டாள் என்றால் வாங்கப் போகிறாள் என்று அர்த்தம். இந்த மென்பொருளிடம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஒரு சின்னப் பெட்டி வரும். ‘விளையாட்டு நிறுவப்பட்ட இடத்தைக் காட்டுக.’ காட்டினால், ‘இங்கே இல்லை.’ சரி, எங்கே இருக்கும் என்று நினைக்கிறாய், அதையாவது சொல்லித் தொலை என்றால் சொல்லாது. பத்து வயதில் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்தக் கடைக்குள் வந்தவன் நான். எல்லாத் தட்டையும் இறக்கவைத்துவிட்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் இல்லை இல்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிற வாடிக்கையாளரை இந்த நாற்பது வருடத்தில் நான் கண்டதில்லை.

ஒரு காதில் போன். அந்தப் பக்கம் தோஹாவிலிருந்து என் மருமகன் மின்ஹாஜ். அங்கே ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. வெயில் எப்படி என்று கேட்டால் பரவாயில்லை மாமா என்பார். அவருக்கு எல்லாமே பரவாயில்லைதான்.

விஷயம் இதுதான். கட்டாருக்குப் போகும் முன் மின்ஹாஜ் கம்பியூட்டரில் பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று விளையாடுவார். அந்த விளையாட்டில், கெட்டிக்காரர்கள் தங்களுடைய சொந்த வீதியைத் தாங்களே கட்டி, அதில் பஸ்ஸை ஓட்டலாமாம். இவர் கல்லடிப் பாலத்தில் தொடங்கி, எங்கள் காத்தான்குடியைத் தாண்டி, தேற்றாத்தீவு வரைக்கும் வீதி, வாவி, பள்ளிவாசல், கோயில், பெட்டிக்கடை எல்லாவற்றையும் கட்டி வைத்திருக்கிறார். இப்போது தோஹாவில் சாரதிகளைப் பழக்குகிற ஒரு நிறுவனத்துக்கு, ஓடாத பஸ்ஸில் ஆளை உட்காரவைத்து ஓட்டப் பழக்குவதற்காக, திரையில் வீதி கட்டத் தெரிந்த ஆள் தேவைப்பட்டிருக்கிறது. அவர்களுடைய இரண்டு மணிக்கு, அதாவது நம்முடைய நாலரைக்கு, இவர் கட்டிய வீதியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வீதியைப் பொட்டலமாகக் கட்டி அனுப்புவதற்கு ஒரு மென்பொருள் இருக்கிறது. அதை எனக்கு அனுப்பியிருந்தார். ஆனால் பொட்டலம் கட்டுவதற்கு முதலில் அதற்கு விளையாட்டு இருக்கிற இடம் தெரிய வேண்டும். இப்போது மணி மூன்று.

“மாமா, மன்னிச்சிக்கங்க. ஒங்களுக்குப் பெரிய கரைச்சல் தாறன்” என்றார் மின்ஹாஜ்.

“என்ன மருமகன் கரைச்சல். நான் ஊட்டுல சும்மாதானே இரிக்கன்.”

பாலசுந்தரி சாரியிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பக்கீரும் பார்த்தான். பக்கீர் என் கடையில் இருபது வருடமாகத் துணி கிழிக்கிறவன். என் பொய்களை எல்லாம் விலையோடு அறிந்தவன். இருவருக்கும் வாயில் விரலை வைத்துக் காட்டினேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊரில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு கட்டி, உறுதிப் பத்திரத்தை மகளின் பெயரில் எழுதிக் கொடுப்போம். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் குடியிருப்பார். ஆகவே மாப்பிள்ளை என்பவர் விருந்தாளி, ஒருநாளும் விருந்து முடியாத விருந்தாளி. அவருடைய அறைக்குள் நாங்கள் போவதில்லை. அவர் வீட்டில் இருந்தால் என் மனைவி சித்தி நபீஸா முக்காட்டை இழுத்துக்கொண்டு குசினியோடு நின்றுவிடுவாள். அவர் கட்டாருக்குப் போகும் வரை நானும் அவரும் பேசிய பேச்சு முழுவதையும் ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். அப்படிப்பட்ட மரியாதை உள்ள வீட்டில், மாப்பிள்ளை கடல் கடந்து போயிருக்கும்போது அவருடைய கம்பியூட்டரை மாமன் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், பில் அடிக்க வைத்திருக்கிறான் என்று தெரிந்தால் என்ன ஆகும்? நோன்புப் பெருநாள் வியாபாரத்தின் உச்சத்தில் கடையின் பழைய கம்பியூட்டர் புகைந்துபோனது. ஒரு கிழமைக்கு என்று எடுத்து வந்தேன். ஆறு மாதமாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு மட்டும் தெரியாது.

அங்கிருந்தபடியே இந்தப் பெட்டியை இயக்குவதற்கு ஒரு வழி இருக்கிறது மாமா, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் முதலிலேயே சொன்னார். லைன் தாங்காது மருமகன் என்று நான் அந்தக் கதவைச் சாத்திவிட்டேன். அவர் உள்ளே வந்தால் திரையில் முதலில் நிற்பது என் கடையின் பெயர். வீடியோவில் காட்டுங்கள் என்றார். போனின் கமரா உடைந்துவிட்டது என்றேன். இவ்வளவு பொய்யை ஒரு சாரிக்குச் சொல்லியிருந்தால்கூட நல்ல லாபம் கண்டிருப்பேன்.

அப்போது கடைக்கு முன்னால் ஓட்டோ ஒன்று, மாடு ஒன்றைக் கண்டு, நீட்டி ஹோர்ன் அடித்தது.

“மாமா, ஓட்டோச் சத்தம் கிட்டக் கேக்குது.”

“ஜன்னல் தொறந்து கிடக்கு மருமகன்.”

“முதலாளி, அந்த மேல் தட்டில மாம்பழக் கலர் ஒண்டு தெரியுது, அதையும் எடுங்களன்” என்றாள் பாலசுந்தரி, வேண்டுமென்றே சத்தமாக.

“ரிவி ஓடுது மருமகன்” என்றேன்.

அந்தப் பக்கம் சின்னதாக ஒரு இருமல் கேட்டது. பிறகு மிகப் பணிவாக, டி டிரைவைத் திறங்கள் மாமா என்றார். திறந்தேன். அதற்குள் ‘கேம்ஸ்’ என்று ஒரு போல்டர் இருக்கும், அதைக் காட்டுங்கள் என்றார். இருந்தது. காட்டினேன். இங்கே இல்லை என்றது பெட்டி. உள்ளே போய்ப் பாருங்கள் என்றார். போனேன். வெறுமை. கொள்ளை போன மேசை லாச்சிபோல ஒரு துண்டு கடதாசிகூட இல்லாத வெறுமை. அப்படியென்றால் தானாகத் தேடச் சொல்லும் பட்டன் ஒன்று இருக்கிறது, அதை அமத்துங்கள் என்றார். அமத்தினேன். ஒரு வட்டம் சுழலத் தொடங்கியது.

அந்த வட்டத்தைப் பற்றி நான் என்ன சொல்ல. பிளேன்டீ வந்தது, குடித்து முடித்தேன், சுழன்றது. பாலசுந்தரி மாம்பழக் கலரைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, மாம்பழம் பழுக்கவில்லை என்று சொல்லி எடுத்து வைத்தாள், சுழன்றது. அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். பக்கீர் எழும்பிப் போய்த் தொழுதுவிட்டுத் திரும்பி வந்தான், அப்போதும் சுழன்றது. வேலை செய்கிறதா, செய்வதுபோல நடிக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாத அந்தச் சுழற்சியை என் கடைக்கு வேலை தேடி வந்த எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். கடைசியில் நின்றது. ‘விளையாட்டின் பதிவு இருக்கிறது. விளையாட்டு இல்லை.’

“டெஸ்க்டொப்பில பஸ் படம் போட்ட ஐகன் இரிக்கா மாமா?”

“இரிக்கி.”

“அப்ப கேமும் இரிக்கத்தான் வேணும்.”

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. பெயர்ப் பலகை தொங்குகிறது என்பதற்காகக் கடை உள்ளே இருக்கத்தான் வேண்டுமா? எங்கள் மெயின் வீதியிலேயே பலகை மட்டும் மிஞ்சிய கடை நாலு காட்டுவேன். ஆனால் மாப்பிள்ளையிடம் அப்படியெல்லாம் பேச முடியாது. பேசாத எரிச்சலையெல்லாம் மவுஸின் மேல் இறக்கினேன். ஒன்பதாவது, பத்தாவது, பதினோராவது. இங்கே இல்லை, இங்கே இல்லை, இங்கே இல்லை. ஒருமுறை கோபத்தில் என் சாரிப் படங்கள் இருந்த போல்டரையே காட்டினேன். நானூறு சாரி. அதற்கும் இல்லை என்றது.

ஐந்து நிமிடத்தில் திரும்ப எடுக்கிறேன் என்று மின்ஹாஜ் வைத்தார். அந்த நேரத்தில்தான் என் மகள் ரிப்கா கடைக்கு வந்தாள். அவள் கடைக்கு வருகிறவள் இல்லை. வந்தால் கதவோரம் நின்று பக்கீரிடம் சொல்லிவிட்டுப் போவாள். இன்றைக்கு நேராக உள்ளே வந்து, கல்லாவுக்குப் பின்னால் என் பக்கத்தில் நின்றாள். கறுப்பு அபாயாவில் வீதிப் புழுதி. நடந்து வந்திருக்கிறாள்.

“கிடைச்சிதா வாப்பா?”

இல்லை என்றேன். வேறு ஒரு வேலை கிடைக்காமலா போகும், இந்த விளையாட்டுச் சாமானை நம்பி ஒரு மனிதன் இருப்பானா என்றும் சேர்த்துச் சொன்னேன். என் எரிச்சலை யாரிடமாவது இறக்க வேண்டும்தானே.

ரிப்கா மேசையில் கிடந்த முழக்கோலை எடுத்து, அதன் நுனியை விரலால் தடவிக்கொண்டு நின்றாள்.

“இந்த வேல சரிவந்தா ஊடும் குடுப்பாங்களாம் வாப்பா. குடும்பத்தக் கூப்பிட விசாவும் குடுப்பாங்களாம்” என்றாள். “என்ன வாறியா எண்டு கேட்டாரு. ஓம் எண்டு செல்லிட்டன்.”

நான் திரையைப் பார்த்தேன். ‘விளையாட்டு நிறுவப்பட்ட இடத்தைக் காட்டுக.’

எங்கள் ஊரில் ஆண் பிள்ளைகள்தான் போவார்கள். வேறு வீட்டுக்குப் போவார்கள், வேறு நாட்டுக்குப் போவார்கள். பெண் பிள்ளை போவதில்லை. வீட்டைத் தூக்கிக்கொண்டு யாராலும் போக முடியாது என்பதால்தான் பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்கிறோம். பதினொரு வருடம், கல்லுக் கல்லாக, ஒவ்வொரு பெருநாள் வியாபாரத்துக்கும் ஒரு சுவர் என்று அந்த வீட்டை நான் கட்டினேன். போன மாதம்தான் மேல்மாடிக்குச் சாந்து பூசி முடிந்தது. பேரப் பிள்ளைகளுக்கு என்று யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் நினைத்துக்கொண்டு பூசினேன்.

பாலசுந்தரி தன் வழக்கைத் தொடர்ந்தாள்.

“சாலிஹ் முதலாளி, போன மாசம் நான் வந்து பாத்துட்டுப் போகக்குள்ள, கத்தரிப்பூக் கலரில ஒண்டு, வேற ஆருக்கும் குடுக்காம வைக்கிறன் எண்டு நீங்கதானே சொன்னீங்க. வச்ச ஆளே மறந்தா தேடுற ஆள் என்ன செய்யிறது?”

ஓம், வைத்தேன். நல்ல சரக்கைத் தட்டில் வைக்கக் கூடாது, கண்ட கையும் படும் என்று, பழைய துணியில் சுற்றி, கல்லாவுக்குக் கீழே லாச்சியில் வைத்தேன். பக்கீரிடம் சொன்னேன். அவன் குனிந்து எடுத்தான். சுற்றிய துணியை அவிழ்த்தான். பாலசுந்தரியின் முகம் மலர்ந்தது. அந்த அவிழ்த்த துணியைப் பார்த்த உடனே எனக்கு வேறொரு பொட்டலம் நினைவுக்கு வந்தது.

பெருநாள் நேரம். நானூறு சாரிப் படங்களைப் போட இடமில்லாமல் டி டிரைவ் நிரம்பிவிட்டது. எதையாவது அழியுங்கள் என்றான் கம்பியூட்டர் திருத்த வந்தவன். ஒரு பெரிய போல்டர் இருந்தது, அறுபது ஜிபி. மாப்பிள்ளையுடையது. மாப்பிள்ளையின் சாமானை அழிப்பதா? எந்த வியாபாரியும் சரக்கை எறிய மாட்டான், இடம்தான் மாற்றுவான். உள்ளங்கை அளவு ஹாட் டிஸ்க் ஒன்று வாங்கி, அதற்குள் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன். அதை லாச்சியில் வைத்திருந்தேன். மாப்பிள்ளையின் சாமான் கடை லாச்சியில் கிடக்கலாமா என்று சித்தி நபீஸா கேட்டாள். அவளே அதைக் கைலேஞ்சித் துணியில் சுற்றி, அலுமாரியில், நகை வைக்கிற தட்டில் வைத்துப் பூட்டினாள். மரியாதை முடிந்தது. நானும் மறந்துபோனேன்.

அந்த மென்பொருளைக் கழுதை என்றும் குருடு என்றும் ஒரு மணி நேரமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். அது சொன்னது முழுவதும் உண்மை. இங்கே இல்லை.

மணி மூன்று ஐம்பது. மின்ஹாஜ் திரும்ப எடுத்தார். கரன்ட் போகப் பார்க்கிறது மருமகன், கொஞ்சம் பொறுங்கள் என்று வைத்தேன். ரிப்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் அவளுக்குத் தெரியாது. கம்பியூட்டர் திருத்தியவனுக்கு இந்நேரம் மறந்திருக்கும். நான் வாயைத் திறக்காமல் நாற்பது நிமிடம் இந்தக் கதிரையில் உட்கார்ந்திருந்தால் போதும், மகள் எங்கேயும் போகமாட்டாள். யாரையும் ஏமாற்றவும் தேவையில்லை. அந்தச் சின்னப் பெட்டியே என் பக்கத்தில் நின்று இல்லை இல்லை என்று சாட்சி சொல்லும். வாழ்நாளில் எனக்கு இவ்வளவு மலிவாக எதுவும் வந்ததில்லை.

தொழுதுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பள்ளிக்குத்தான் போகிறேன் என்று நானே நம்பிக்கொண்டு இரண்டாவது ஒழுங்கையில் திரும்பினேன். வீட்டு வாசலில் நின்றபோதுதான் பள்ளி எதிர்ப்பக்கம் என்பது நினைவுக்கு வந்தது.

அலுமாரிச் சாவியைக் கேட்டதும், என்னத்துக்கு என்றாள் சித்தி நபீஸா. மாப்பிள்ளையின் சாமான் என்றேன். அவள் சாவியைத் தராமல் தானே வந்து திறந்தாள். நகைத் தட்டை இழுத்தாள். வெள்ளைக் கைலேஞ்சிப் பொட்டலம், வீட்டு உறுதிக்கு மேல் உட்கார்ந்திருந்தது. ரிப்காவின் முழுப் பெயர் எழுதிய உறுதி. காற்றுக்குப் பறக்காமல் இருக்கப் பாரம் வைத்ததுபோல இருந்தது.

“ரிப்கா செல்லிட்டாளா?” என்று கேட்டாள்.

இவளுக்கு முதலே தெரியுமா? பெண்கள் இருவரும் குசினியில் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டுத்தான் கடைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். நான் பொட்டலத்தை எடுக்கவில்லை.

“நெனவு வராட்டி என்ன எண்டு யோசிச்சிரிப்பீங்க” என்றாள். அவளுடைய கண் கலங்கித்தான் இருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை. “நானும் யோசிச்சன். காலையில இருந்து இந்தச் சாவி என்ட இடுப்புல கிடக்கு. நீங்களா வந்து கேக்கட்டும் எண்டு இருந்தன். மாப்புளட சாமான ஒளிச்சு வச்ச ஊடு எண்டு நமக்கு ஒரு பேர் வேணாம். எடுங்க.”

எடுத்தேன்.

கடைக்குத் திரும்பியபோது நாலு மணி தாண்டிவிட்டது. கத்தரிப்பூச் சாரியை மடியில் வைத்துக்கொண்டு பாலசுந்தரி காத்திருந்தாள். ஒரு விலை சொன்னாள். சரி என்றேன். அவள் திடுக்கிட்டுப் போனாள். என் கடையில் முதல் சொன்ன விலைக்கே சாமான் போனது அவளுக்கு அவமானமாகக்கூட இருந்திருக்கும். சாரியில் ஏதும் பழுதோ என்று திரும்ப விரித்துப் பார்த்தாள்.

கைலேஞ்சியை அவிழ்த்து ஹாட் டிஸ்க்கைச் சொருகினேன். ரிப்கா அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். போல்டரைக் காட்டினேன். ஒரு நொடிகூட எடுக்கவில்லை. ‘விளையாட்டு கண்டுபிடிக்கப்பட்டது.’ அவ்வளவுதான். ஒரு மணி நேரம் ஆளைப் போட்டு வதைத்ததற்கு ஒரு வருத்தம் இல்லை, கிடைத்ததற்கு ஒரு சந்தோசம் இல்லை. போனில் மின்ஹாஜிடம் கிடைத்துவிட்டது என்றேன். எங்கே இருந்தது மாமா என்று கேட்டார்.

“அதே இடத்திலதான் மருமகன். நான்தான் சரியாப் பாக்கல்ல.”

“பரவாயில்ல மாமா” என்றார். அந்த இருமல் மறுபடி கேட்டது. “இப்ப அனுப்புற பட்டன அமத்துங்க. அது போய் முடியக்குள்ள, கடையில கூட்டம் இல்லாட்டி, கேம ஒருக்காத் தொறந்து பாருங்க. எல்லாம் ஒழுங்கா இரிக்கா எண்டு.”

கடையில் கூட்டம் இல்லாவிட்டால். பக்கீர் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த பக்கம் திரும்பினான். எத்தனை மாதமாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் பரவாயில்லை என்பார்.

அனுப்புகிற பட்டனில் விரலை வைத்தேன். ரிப்கா முழக்கோலை மேசையில் வைத்துவிட்டாள். அமத்தினேன். பச்சைக் கோடு ஒன்று நத்தைபோல நகரத் தொடங்கியது.

பஸ் படத்தை அமத்தினால் விளையாட்டு வரவில்லை. அந்தப் பலகை இன்னும் பழைய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ரிப்காதான் ஹாட் டிஸ்க்குக்குள் போய்த் திறந்தாள். கல்லடிப் பாலம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவர் கடைசியாக நிறுத்திய இடத்தில் விளையாட்டு நின்றிருந்தது. எங்கள் ஒழுங்கை. பஸ் நுழையவே முடியாத எங்கள் ஒழுங்கைக்குள், இரண்டு பக்கச் சுவரையும் உரசாமல், ஒரு வெள்ளை பஸ். எங்கள் கேற், கேற்றின் நீலப் பெயின்ட், மூலையில் பெயின்ட் உரிந்த இடமும்கூட. மேல்மாடி இல்லை. அவர் போகும்போது அது கட்டப்பட்டிருக்கவில்லை. சாந்து பூசாத தூண்களிலிருந்து கம்பிகள் மட்டும் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றன, இனிமேல்தான் யாரோ வந்து கட்டப் போகிறார்கள் என்பதுபோல.

பாலசுந்தரி கல்லாவுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். எங்கட தேற்றாத்தீவும் இதுக்குள்ள இருக்காமே, காட்டுங்களன் என்றாள். பச்சைக் கோடு பாதியைத் தாண்டிவிட்டது. பஸ் எங்கள் கேற்றுக்கு நேரே எஞ்சின் உறுமிக்கொண்டு, முன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. அந்தக் கதவை மூடுவது எந்தப் பட்டன் என்று நான் ரிப்காவிடம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.